உதிர்ந்த இலை யாருக்குச் சொந்தம்?

டோக்கியோவில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். மார்ச் மாதம். போன மறுநாள் ரயிலில் ஏறினால், பெட்டியில் பாதிப் பேர் முகமூடி அணிந்திருந்தார்கள். சிலருக்குக் கண்ணைச் சுற்றி மறைப்பு வைத்த கண்ணாடி வேறு. தும்மல் சத்தம் ஒரு பக்கம், மூக்கு உறிஞ்சும் சத்தம் ஒரு பக்கம்.

"ஏன்த்தா, ஊரெல்லாம் சளிக் காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் இல்லப்பா. மரம்" என்றாள் மகள்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவன் நான். மரத்தால் ஒரு நகரமே தும்மும் என்று எந்தப் பாடத்திலும் சொல்லிக் கொடுத்ததில்லை. அன்று மாலை தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை ஓடியது. மழை, வெயில் எல்லாம் சொல்லி முடித்த பிறகு மகரந்தம் நாளை எவ்வளவு பறக்கும் என்றும் சொன்னார்கள். வீட்டுக்குள் நுழையும் முன் எல்லோரும் மேல்கோட்டை வாசலிலேயே உதறினார்கள். மாடி முகப்பில் படுக்கையைக் காயப்போடுகிற வழக்கத்தைக்கூட அந்த மாதத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அவர்கள் இதைக் 'கஃபுன்ஷோ' என்கிறார்கள். மகரந்த நோய் என்று பொருள். அதில் பெரும்பங்கு 'சுகி' என்ற ஒரே மரத்தால் வருகிறது. நாம் ஜப்பானிய தேவதாரு என்று சொல்லிக்கொள்ளலாம். நெடுநெடுவென்று வளரும் ஊசியிலை மரம். 2019-இல் அந்நாட்டு மருத்துவர்கள் எடுத்த கணக்கெடுப்பில், நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேருக்கு இந்த மரத்தின் மகரந்தம் ஒவ்வாமை தருவதாகத் தெரிந்தது. ஐந்து பேர் நின்றால் அதில் இருவர்.

இத்தனை சுகி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, கதை போர்க்காலத்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பின்னும் மரத் தேவைக்காக மலைகளை மொட்டையடித்துவிட்டார்கள். வெள்ளமும் மண்சரிவும் வந்தன. வீடு கட்ட மரமும் இல்லை. 1950களிலும் 60களிலும் அரசாங்கம் வேகமாக வளரும் மரமாகப் பார்த்து, நேராகப் போகும் மரமாகப் பார்த்து, சுகியையும் 'ஹினோகி' என்ற இன்னொரு ஊசியிலை மரத்தையும் மலை மலையாக நடவைத்தது. இன்று ஜப்பானின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. அந்தக் காட்டில் பத்துக்கு நான்கு பங்கு மனிதன் நட்டது. சுகி மட்டும் 44 லட்சம் ஹெக்டேரை ஒட்டி நிற்கிறது.

நட்ட மரம் வளர்ந்து வருவதற்குள் காலம் மாறிவிட்டது. 1964-இல் வெளிநாட்டு மரக்கட்டை தாராளமாக இறங்க அனுமதி கிடைத்தது. உள்ளூர் மரத்துக்குப் பின்னாளில் விலை இல்லாமல் போனது. வெட்ட ஆளும் இல்லை. மலையில் அப்படியே விட்டுவிட்டார்கள். அதே 1964-இல்தான், பழைய சுகி மரச் சாலைகளுக்குப் பேர்போன நிக்கோ நகரிலிருந்து இந்த ஒவ்வாமையைப் பற்றிய முதல் மருத்துவக் கட்டுரை வெளிவந்தது. இந்த மரம் முப்பது வயதை நெருங்கும்போதுதான் நிறையப் பூக்கத் தொடங்குகிறது. தாத்தா காலத்தில் நட்டதற்குப் பேரன் தும்முகிறான். 2023-இல் ஜப்பான் அரசு, பத்து ஆண்டுக்குள் சுகித் தோப்புகளில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பது என்று முடிவெடுத்தது.

இதில் மரத்தைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சுகி காற்றை நம்பிப் பூக்கும் மரம். அதற்குத் தேன் இல்லை, வாசனை இல்லை, வண்டை அழைக்க நிறமும் இல்லை. காற்று மகரந்தத்தை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கோடிக்கணக்கில் இறைத்தாக வேண்டும். கோடியில் ஒன்று இன்னொரு சுகியின் பெண் கூம்பில் விழுந்தால் போதும். ஒரு மில்லிமீட்டரை முப்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு துகள். மலையிலிருந்து கிளம்பி, பல பத்து கிலோமீட்டர் தாண்டி நகரத்துக்கு வந்துவிடும்.

நம் ஊர் இலுப்பையை எண்ணிப் பாருங்கள். அது இரவில் பூக்கிறது. தித்திப்பான பூவைத் தின்ன வௌவால் வருகிறது. தின்ற கூலிக்கு மகரந்தத்தை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகிறது. பல வகை மரம் கலந்து நிற்கும் காட்டில் ஒரு மரத்துக்கு அதன் இனத்து மரம் பக்கத்தில் இருக்காது. காற்றில் தூவினால் வேறு இனத்தின் மேல்தான் போய் விழும். அதனால்தான் கலப்புக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை தேனீயையும் வண்டையும் வௌவாலையும் வேலைக்கு வைத்துக்கொண்டன. ஒரே இனத்தை வரிசையாக நட்டுவிட்டால் தூது போக யாரும் வேண்டியதில்லை, காற்றே போதும். அந்தக் காற்றைத்தான் டோக்கியோ மூச்சாக இழுக்கிறது.

மகள் குடியிருந்தது யோயோகி பக்கம். காலையில் நடக்கப் போவதற்கு அவள் காட்டிய இடம் மெய்ஜி கோயில் காடு. ஹராஜுகு ரயில் நிலையத்தை விட்டு இறங்கி ஒரு பாலத்தைத் தாண்டினால் பெரிய மர வாசல் வருகிறது. அதைக் கடந்து நூறு அடி போவதற்குள் வண்டிச் சத்தம் அடங்கிவிடுகிறது. குளிர்ச்சி முதுகில் ஏறுகிறது. 70 ஹெக்டேர் காடு, டோக்கியோவின் நடுவில்.

அங்கே ஒருவரைத் தினமும் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். தன் உயரத்துக்கு இருந்த மூங்கில் விளக்குமாற்றால் அகலமான சரளைப் பாதையைக் கூட்டிக்கொண்டே போவார். கல்லைக் கிளப்பாமல் இலையை மட்டும் நகர்த்தும் பதமான வீச்சு. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், நெல்லைப் பரப்புவது போல. குவிந்த இலையை மூட்டை கட்டுவார், வண்டியில் ஏற்றுவார் என்று நின்று பார்த்தேன். அவர் அள்ளிக்கொண்டுபோய்க் காட்டுக்குள்ளேயே கொட்டினார். மறுநாளும் அதையேதான் செய்தார்.

மகளிடம் சொல்லிக் கேட்கச் சொன்னேன். இங்கே இவர்களை 'ஹாகியா-சான்' என்கிறார்கள், கூட்டுபவர் என்று அர்த்தம். இந்தக் காட்டில் உதிரும் ஒரு இலையையும் வெளியே கொண்டுபோவதில்லை, எரிப்பதில்லை என்பது தொடக்கத்திலிருந்தே வைத்திருக்கும் விதி. இந்தக் காட்டுக்கு உரமும் போடுவதில்லை, தண்ணீரும் ஊற்றுவதில்லை.

தொடக்கத்திலிருந்தே என்றால் எப்போதிலிருந்து? இந்தக் காட்டுக்கு வயது நூறைச் சற்றுத் தாண்டுகிறது. கண்ணுக்கு ஆதிகாலத்துக் காடு போல இருந்தாலும் இது முழுக்க மனிதன் நட்டது. 1912-இல் மெய்ஜி பேரரசர் காலமானார். அவர் நினைவாகக் கோயில் கட்டத் தேர்ந்தெடுத்த இடத்தில் பெரும்பகுதி வயலும் புல்வெளியும் சதுப்புமாகக் கிடந்தது. 1915-இல் நடவு தொடங்கியது. நாடு முழுவதிலும் இருந்து மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களை அனுப்பினார்கள். நடுவதற்கு ஊர் ஊராக இளைஞர்கள் கூலி வாங்காமல் வந்தார்கள். 1920 நவம்பரில் கோயில் திறக்கப்பட்டது.

திட்டம் போட்டவர்கள் ஹோண்டா செய்ரோகு என்ற வனவியல் பேராசிரியரும், ஹோங்கோ தகானோரி, உஎஹாரா கெய்ஜி என்ற அவருடைய மாணவர்கள் இருவரும். அப்போதைய பிரதமர் ஓகுமா ஷிகெனோபு, "பேரரசருக்குக் கோயில் என்றால் சுகிதான் வேண்டும், நிக்கோவைப் போல, இசே கோயிலைப் போல" என்று பிடிவாதமாக நின்றார். மூவரும் ஒத்துக்கொள்ளவில்லை. நிக்கோவில் வளர்ந்த சுகியின் அடிமரத்தையும் டோக்கியோவில் வளர்ந்ததையும் அறுத்து, வளர்ச்சியை ஒப்பிட்டுக் காட்டினார்கள். சுகி ஈரமான மலைப் பள்ளத்தாக்கின் மரம். டோக்கியோ மண்ணில் அதற்கு ஈரம் போதாது. பக்கத்தில் ஓடும் ரயிலின் கரிப்புகையை அது தாங்காது. இந்த மண்ணுக்கு இயல்பானவை இலை அகன்ற பசுமை மாறா மரங்கள்: ஓக் இனத்துக் 'காஷி', 'ஷீ', கற்பூர மரம். கடைசியில் பிரதமர் இறங்கி வந்தார்.

அவர்கள் வரைந்த படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. நூற்றைம்பது ஆண்டுக் காலத்தை நான்கு கட்டமாகப் பிரித்து வரைந்திருக்கிறார்கள். முதல் கட்டத்தில் உயரே பைன் மரங்கள், அவற்றுக்குக் கீழே மற்ற ஊசியிலை மரங்கள், எல்லாவற்றுக்கும் கீழே நிழலில் காஷியும் ஷீயும் கற்பூரக் கன்றுகளும். ஊசியிலை மரம் வெயிலை விரும்பி ஓடும். காஷியும் ஷீயும் நிழலில் பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தவை. ஐம்பது ஆண்டில் கீழே இருந்தவை மேலே வரும், மேலே இருந்தவை நிழல்பட்டுச் சாகும், செத்தவை மண்ணாகும். நூறு, நூற்றைம்பது ஆண்டில் காடு தன் விதையில் தானே முளைத்து நிற்கும். அதன்பின் அதற்கு மனிதக் கை வேண்டியதில்லை. படம் வரைந்த மூவரும் அதன் முடிவைத் தாங்கள் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே வரைந்தார்கள்.

காடு நூறு வயதை எட்டுவதை ஒட்டி, 2011 முதல் 2013 வரை ஆய்வாளர்கள் இதைத் துருவிக் கணக்கெடுத்தார்கள். நட்டபோது ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த மரங்கள் இப்போது 36,000 அளவில் இருக்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதே என்று பதற வேண்டாம். அதுதான் திட்டம். இடத்துக்கும் வெயிலுக்கும் போட்டியிட்டு, தோற்றது மண்ணாகி, வென்றது பருத்து நிற்கிறது. செடி, பூஞ்சை, பூச்சி, பறவை என்று மூவாயிரத்தை ஒட்டி உயிரினங்கள் அங்கே கிடைத்தன. வல்லூறு இனத்தைச் சேர்ந்த பெரிய வேட்டைப் பறவைகூட நகரத்தின் நடுவே அங்கு கூடு கட்டுகிறது.

உரமும் நீரும் இல்லாமல் ஒரு காடு நூறு ஆண்டு கொழுத்த இரகசியம் அந்த விளக்குமாற்றில் இருக்கிறது. மரம் வேரால் மண்ணிலிருந்து எடுக்கும் சுண்ணாம்பும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கணிசமாக இலைக்குத்தான் போகின்றன. இலை உதிரும் முன் மரம் அதில் கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மீதியோடு இலை விழுகிறது. விழுந்த இலையைப் பூஞ்சை முதலில் பிடிக்கிறது. பிறகு கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும் துள்ளும் சிறுபூச்சிகளும் மண்புழுவும் கரையானும் அரைத்துப் பொடியாக்குகின்றன. பொடியிலிருந்து சத்து மறுபடி வேருக்கு. இலையைக் காட்டைவிட்டு வெளியே எடுத்தால், மரம் தன் கணக்கிலிருந்து பணம் எடுத்து அதைத் தெருவில் வீசியதாகும். எரித்தால் தழைச்சத்து புகையாகிப் போய்விடும். இலை மெத்தை இல்லாத மண்ணில் மழைத் துளி நேராக அடித்து, மேல்மண்ணை இறுக்கி, ஊறாமல் ஓடிவிடும்.

அந்த மூங்கில் விளக்குமாற்றைப் பார்த்து நின்ற ஒரு காலையில்தான் ஊர் நினைவு வந்தது. இதே விதியை எனக்கு என் அப்பத்தா ஐந்து வயதில் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம். அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு உண்டு. "சாமி காட்டுக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டுப் போகாதே. அருவா கொண்டு போகாதே. விழுந்து கெடக்குற சுள்ளியக்கூடப் பொறுக்காதே, அது அய்யனாரோடது" என்பாள். அடுப்பெரிக்கச் சுள்ளிக்கு அலைந்த காலம் அது. ஊரே அந்தக் காட்டை ஒட்டி நடந்துபோய், ஒரு குச்சியைத் தொடாமல் திரும்பும். எரிகிற வறுமையிலும் தொடாமல் காத்ததால், நூறு நூறு ஆண்டுகளாக அந்த இலைகள் விழுந்த இடத்திலேயே மண்ணாயின.

இந்த மாவட்டத்தில் இப்படிக் கோயில் காடுகள் நிறைய. குளமங்கலத்தில் வில்லுனி ஆற்றங்கரையில் இருக்கும் சாமியின் பெயரே பெருங்காரையடி மீண்ட அய்யனார். காரை என்பது நம் பொட்டல் காட்டு முள்மரம். அதன் அடியைச் சாமி தன் பெயரிலேயே வைத்திருக்கிறார். மாசிமகத்தன்று கோயிலில் நிற்கும் முப்பதடிக்கு மேல் உயரமுள்ள குதிரைச் சிலைக்கு ஆயிரக்கணக்கில் காகிதப்பூ மாலைகள் விழும். குதிரையைப் பார்க்க வருகிற கூட்டம், அதைச் சுற்றி நிற்கும் மரங்களையும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

அறிவியல் அவற்றைப் பார்த்திருக்கிறது. அரையப்பட்டி, மறமடக்கி, கரிசக்காடு, ராயப்பட்டி, சண்முகநாதபுரம் ஆகிய இடங்களில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து கட்டம் போட்டு, மரம் மரமாக எண்ணியிருக்கிறார்கள். இந்த வகைக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். பெயரிலேயே ஒரு புதிர் இருக்கிறது. வறண்ட நாட்டு மரம் கோடையில் இலை உதிர்த்துத் தண்ணீரை மிச்சப்படுத்துவதுதான் உலக வழக்கம். ஆண்டு மழை 900 மில்லிமீட்டரை ஒட்டி, அதிலும் பாதிக்கு அருகில் ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய மாதங்களில் கொட்டிவிடும் இந்தச் செம்மண் சரளையில், வீரையும் காட்டு எலுமிச்சையும் காசா மரமும் உலக்கைப் பாலையும் சித்திரையிலும் பச்சையாக நிற்கின்றன. அவற்றின் இலையைத் தொட்டுப் பார்த்தால் காரணம் விரலுக்குத் தெரியும். சின்ன இலை, தோல் போல் தடித்தது, மேலே மெழுகுப் பூச்சு. நீராவி எளிதில் தப்பாது. மரம் உயரமும் போவதில்லை. குட்டையாக, நெருக்கமாக, ஒன்றின் நிழலில் ஒன்று நின்று மண்ணை மூடிக்கொள்கிறது.

ஊர் திரும்பியதும் ஒரு சித்திரை மதியத்தில் எங்கள் அய்யனார் காட்டுக்குப் போனேன், செருப்பைக் கழற்றிவிட்டு. வீரை மரத்தடியில் குந்தி, ஒரு விரலால் மட்டும் இலைச் சருகை விலக்கிப் பார்த்தேன். மேலே இந்த ஆண்டுச் சருகு, நொறுங்கும். அதன் கீழே ஓட்டை விழுந்து, நரம்பு மட்டும் மிஞ்சி, வலை போலான பழைய இலை. அதற்கும் கீழே ஒன்றோடொன்று ஒட்டிய அரை மக்கல், நடுவே வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. பிறகு கறுப்பாகப் பொலபொலவென்று மண். விரல் நுனியில் ஈரம். வெளியே அக்கினி வெயில் காய்கிறது, கண்மாய் வெடித்துக் கிடக்கிறது, இங்கே நாலு விரல் ஆழத்தில் ஈரம்.

காட்டின் எல்லையைத் தாண்டி நூறு அடி நடந்தால் தைல மரத் தோப்பு. யூக்கலிப்டஸ்தான், ஆர்.எஸ்.பதி மரம் என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள். அங்கேயும் அதே விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒரே வகைச் சருகு, மெல்லிய அடுக்கு, உடனே கட்டாந்தரை. யூக்கலிப்டஸ் இலை செங்குத்தாகத் தொங்குவது. ஆஸ்திரேலிய வெயிலிலிருந்து தப்ப அது கண்டுபிடித்த வழி அது. அதனால் அதன் கீழே நிழல் அடர்வதில்லை, வெயில் தரைவரை இறங்குகிறது. இலையில் உள்ள எண்ணெயும் துவர்ப்பும் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை, மக்குவது தாமதம். அப்படியே மக்கினாலும், ஆறேழு ஆண்டில் மரம் காகித ஆலைக்குப் போய்விடுகிறது. திரும்பிவர ஒன்றுமில்லை. தோப்புக்குள் மழைநீர் தங்க எடுத்த வரப்புகள் கண்மாய்க்கு வரும் தண்ணீரை மறிக்கின்றன என்று இங்குள்ள விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள்.

தன் சொந்த மண்ணில் யூக்கலிப்டஸ் அருமையான மரம். நிக்கோ பள்ளத்தாக்கில் சுகியும் அப்படித்தான். 'சீக்கிரம் வளர்கிற மரம் எது?' என்ற கேள்விக்கு ஜப்பானுக்குக் கிடைத்த விடை சுகி, நமக்குக் கிடைத்தது தைல மரம். மெய்ஜி காட்டை வரைந்த மூவர் கேட்ட கேள்வி வேறு. 'இந்த மண்ணுக்கு உரிய மரம் எது?' என்று அவர்கள் கேட்டார்கள்.

அதே கேள்வியைக் கேட்ட இன்னொருவரை இப்போது தமிழ்நாடு முழுவதும் தெரியும். அகிரா மியாவாக்கி, யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1928-இல் பிறந்து 2021-இல் மறைந்தார். ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் டூக்சென் என்ற தாவரவியலாளரிடம் படித்தபோது, மனிதக் கை படாமல் விட்டால் ஒரு நிலத்தில் என்ன மரம் தானாக நிற்கும் என்று தேடக் கற்றுக்கொண்டார். ஜப்பான் திரும்பி அதைத் தேடினால் எங்கே பார்ப்பது? மலையெல்லாம் சுகி. அவருக்கு விடை கிடைத்த இடம் கிராமத்துக் கோயில்களைச் சுற்றிய காடு. 'சின்ஜு நோ மோரி', காவல் தெய்வத்தின் காடு என்று அதற்குப் பெயர். ஊர்க்காரர்கள் சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட மரங்களில்தான் அந்த மண்ணின் பழைய முகம் மிஞ்சியிருந்தது. அந்த மரங்களின் விதையெடுத்து, பல இனங்களைக் கலந்து, நெருக்கி நட்டு அவர் உருவாக்கிய முறைதான் மியாவாக்கி காடு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து எங்கள் மாவட்டத்தைச் சூறையாடியது. வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடிப் பகுதியில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் கொல்லையில் நின்ற என் தகப்பனார் வைத்த பலாமரமும் போனது. அதன் பிறகு கன்று நடாத ஊர் இல்லை. மியாவாக்கி என்ற பெயரில் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் குறுங்காடுகளும் வந்துவிட்டன. நட்ட ஒவ்வொரு கையையும் வணங்குகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மியாவாக்கி முறை என்பது நெருக்கி நடுவது மட்டும் இல்லை. முதலில் பக்கத்துக் கோயில் காட்டுக்குப் போய், அங்கே என்ன நிற்கிறது என்று கும்பிட்டுக் கேட்டுவிட்டு வருவது. டோக்கியோவில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கே கற்பூர மரம் சரி. இங்கே அந்தக் கேள்விக்கு விடை வீரையிடமும் காசாவிடமும் இருக்கிறது. நாற்றங்காலில் இன்று எளிதில் கிடைக்காத கன்றுகள் அவை. விதை மட்டும் அய்யனார் காட்டில் ஆண்டுதோறும் விழுந்துகொண்டிருக்கிறது. ஊர் கூடி, பூசை செய்யும் வேளாரிடம் உத்தரவு கேட்டு, ஒரு கைப்பிடி விதை வாங்கி வந்து நாற்று விட்டால், அது சாமி கொடுத்த கன்று.

எங்கள் வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. மாசி பங்குனியில் மொத்த இலையையும் கொட்டும். கூட்டிக் குவித்து மாலையில் தீ வைப்பது அப்பா காலத்துப் பழக்கம், என் காலத்திலும் அப்படியே. கொசுவுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்வோம். இந்த ஆண்டு மனைவி குவியலைச் சேர்த்துவிட்டு, "தீப்பெட்டி எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

முறத்தில் அள்ளி வேம்பின் தூரைச் சுற்றிப் போட்டேன். "ஏன், என்னாச்சு?" என்றாள்.

"அது மரத்தோடது" என்றேன்.